மேலயா, கீழயா

நான் அடித்துப் பாடம் நடத்தியவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். என்னிடம் ஒரு அடி நீளத்தில் தேக்கு ஸ்கேல் ஒன்று உண்டு, ஓரத்தில் பித்தளைத் தகடு பதித்தது. தட்டையாகப் பிடித்து அடிப்பதெல்லாம் சும்மா சத்தத்துக்கு. தகட்டுப் பக்கத்தைத் திருப்பி விரல் முட்டியில் ஒன்று வைத்தால் அந்த வாரம் முழுக்க ஸ்பெல்லிங் தப்பாது என்று உறுதியாக நம்பினேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அப்பன்மார்களும், "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வலிய வந்து கொடுத்த உரிமை, நான் ஏன் விடப்போகிறேன்.

எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் ஏலக்காய் வியாபாரிகள், தரகர்கள், மலையில் சின்னத் தோட்டம் வைத்திருந்தவர்கள். வீட்டின் முன்கட்டில் மூட்டையும் சல்லடையும் காய் பொறுக்கும் பெண்களும், பின்கட்டில் குடும்பம். ஏலக்காயை நாங்கள் காய் என்றுதான் சொல்வோம். மலையிலிருந்து காய் இறங்கும், வியாபாரிகள் கூடி விலை கேட்பார்கள், அன்றைக்கு விலை மேலே போகும் அல்லது கீழே வரும். கீழே வந்தால் சாயங்காலம் தெருவில் பாதி வீட்டில் பெண்களுக்கு அடி விழும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இதில் யாருக்கும் வெட்கம்கூட இருந்ததில்லை.

அதற்கு எங்கள் தெருப் பெண்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். விற்பனை முடிந்ததும் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் காலித் தள்ளுவண்டியோடு எங்கள் தெரு வழியாகத் திரும்புவார். வாசலில் நிற்கிற முதல் பெண், "மேலயா கீழயாண்ணே?" என்று கேட்பாள். அவர் வாயைத் திறக்க மாட்டார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டால் கீழே, கட்டியபடியே போனால் மேலே. ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்கச் சேதி போய்விடும். கீழே என்றால் பிள்ளைகளை அத்தை வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் விரட்டிவிடுவார்கள். அருவாமனை அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். சோற்றோடு முட்டையோ கருவாடோ கண்டிப்பாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் கதவு. கீழே போன நாளில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் கதவைத் தாழ் போட மாட்டாள். சத்தம் எல்லை மீறினால் பக்கத்து வீட்டுக்காரி தள்ளிக்கொண்டு உள்ளே வர வேண்டும். கொஞ்சம் சீனி குடு என்று டம்ளரோடு வந்து நடுவில் நிற்பாள். அடுத்த வீட்டுப் பெண்ணின் முன்னால் ஓங்கிய கை கொஞ்சம் கூசும். மேலே போன நாளில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. தலைக்கு மல்லிகை, கதவுக்குத் தாழ்.

என் அப்பாவும் தரகர்தான். அவர் கையும் காய் விலையைப் பார்த்துத்தான் ஓங்கியது என்று நினைத்து வளர்ந்தேன். அம்மாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. கேட்டால், காய் விலை விழுந்தப்பப் போனது என்பாள். மலை ரோட்டில் ஜீப்பு கவிழ்ந்து அப்பா செத்து மூன்று வருடம் ஆன பிறகும், விற்பனையன்று வாசலுக்குப் போய் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு வந்துதான் உலை வைப்பாள். அடிக்க ஆளில்லாத வீட்டில் இவளுக்கு விலை எதற்கு என்று எனக்கு எரிச்சல் வரும்.

எழுபதுகளின் பின்பாதியில் நாலு வீடு தள்ளி ஒருவர் பினாங்கிலிருந்து குடி வந்தார். அங்கே இருபது வருடம் கடை வைத்திருந்தவர். அண்ணன் இறந்து மலைத் தோட்டம் இவர் கைக்கு வந்ததும் கடையை விற்றுவிட்டு, சீனத்து மனைவியையும் பதினாறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். சேலையை ஊசி குத்திக் கட்டிக்கொண்டு அவள் காரிலிருந்து இறங்கியபோது தெருவே நின்று பார்த்தது. அன்றைக்கே சீனாக்காரி என்று பெயர் விழுந்தது. அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்ததை யாரும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்து.

புருஷனோடு அவர்கள் மலாய் பேசினார்கள். தாயும் மகளும் தங்களுக்குள் சீனம். அது அவருக்கு ஒரு எழுத்து புரியாது. பினாங்கில் அது அவருக்கு உறுத்தவில்லை. இங்கே பங்காளிகள் முன்னால், தன் வீட்டுக்குள்ளேயே தனக்குப் புரியாத பேச்சு நடப்பது அவருக்கு ஆகவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தேகம். சந்தேகம் சரிதான், வேறு எதைப் பேசுவார்கள். தமிழ் படித்தால் தெருப் பெண்களோடு ஒட்டிக்கொள்வார்கள் என்று அதையும் ஒதுக்கிவிட்டு, தனக்கு ஓரளவு தெரிந்த இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்து என்னிடம் வந்தார். இனிமேல் இவர்கள் வாயில் அந்தப் பாஷை வரக்கூடாது, அடிச்சாவது இங்கிலீஷை ஏத்தி விடுங்க என்றார். சரி என்றேன்.

சனி ஞாயிறு மதியம் வகுப்பு. அவர்கள் முன்கட்டில் காய் பொறுக்கும் மேசைதான் வகுப்பறை. தாய்க்கு முப்பத்தாறு வயது இருக்கும். தெருவில் கேட்டுக் கேட்டே கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தாள். இடது காதுப் பக்கம் பேசினால் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பாள். மகள் சூட்டிகை, ஆனால் அவசரக்காரி. பாடப் புத்தகம் தீர்ந்ததும் பேப்பரில் வியாபாரப் பக்கத்தை வாசிக்க வைக்கச் சொன்னார் அவர். அதில்தான் ஒருநாள் ஃப்ளக்சுவேட் என்ற வார்த்தை வந்தது.

மாறுவது என்று பொருள் சொன்னேன். சோம்பேறித்தனமான பொருள், அதற்கான பலன் உடனே கிடைத்தது. குளித்துவிட்டு உடையை ஃப்ளக்சுவேட் பண்ணினேன் என்று மகள் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினாள். முட்டியில் ஒன்று வைத்தேன். தாய் யோசித்து, நாங்கள் பினாங்கிலிருந்து போடிக்கு ஃப்ளக்சுவேட் ஆனோம் என்றாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளை அடிக்க முடியாது. அதனால் அவள் தப்புக்கும் சேர்த்து மகளை இன்னொன்று அடித்தேன். பித்தளை பட்ட இடத்தில் தோல் விட்டுப்போய் ரத்தம் கசிந்தது. அந்தப் பெண் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு அடுத்த வாக்கியத்தை யோசித்தாள்.

எங்கள் ஊர்க் கரண்டு வந்து என்னைக் காப்பாற்றியது. மேசைக்கு மேலே தொங்கிய குண்டு பல்பு மங்கி, செம்பழுப்பாகி, திடீரென்று பளிச்சென்று எரிந்து, மறுபடியும் மங்கியது. அதைக் காட்டினேன். ஒரு தடவை மாறி அப்படியே நின்றுவிட்டால் இந்த வார்த்தை பொருந்தாது என்றேன். ஏறணும், இறங்கணும், திரும்பவும் ஏறணும். எங்கே நிற்கும் என்று பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது. தாய் பல்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கள் பாஷையில் இதற்கு எழும்பு எழும்பு, விழு விழு என்று சொல்வார்கள் என்றாள். பிடித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த உற்சாகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடத்தையும் நடத்தினேன். காய் விலை ஃப்ளக்சுவேட் ஆகிறது, அதைப் பார்த்து ஆம்பிளை கையும் ஃப்ளக்சுவேட் ஆகிறது என்றேன். துண்டைப் பற்றிச் சொன்னேன். தாழைப் பற்றிச் சொன்னேன். தெருவில் இத்தனை மாதம் இருந்தும் யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. கையுமா என்று கேட்டாள். கையும்தான் என்று அடித்துச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் இடுப்பில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் ஒரே சீன எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். கையெழுத்துப் பழகுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் தை மாதம் பினாங்கிலிருந்து அவள் தங்கை கடிதம் போட்டாள். அவர்கள் அம்மா படுத்த படுக்கை. மெட்ராஸிலிருந்து கப்பலுக்குத் தங்கையே ஏற்பாடு செய்துவிட்டாள், தாயும் மகளும் வந்து சேர வேண்டியதுதான். போனால் திரும்பி வரப்போவதில்லை என்று அவள் என்னிடம் மறைக்கவில்லை. தடை ஒன்றே ஒன்று. இரண்டு பாஸ்போர்ட்டும் இரும்புப் பெட்டிக்குள், பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில். ஊர் வந்த புதிதிலேயே இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். முதல் தடவை கேட்டதில்தான் இடது காதின் ஜவ்வு கிழிந்தது. இரண்டாம் தடவை மகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், காய் உலர்த்தும் கொட்டகையில் ஒரு பகல் முழுக்கச் சூட்டுக்குள் பூட்டி வைத்தார். வெளியே எடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு நாக்கு வெடித்திருந்தது.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? அந்த இரண்டு நாளும் விலை எப்படி என்று கேட்டேன். காது கிழிந்த நாள் கீழே. கொட்டகை நாள் நினைவில்லை என்றாள். நீ நாள் பார்க்காமல் கேட்டிருக்கிறாய், அதுதான் தப்பு என்று அவளுக்குப் புத்தி சொன்னேன். நல்லா மேலே போகட்டும், அன்றைக்குக் கேள் என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அந்த நாள் மாசியில் வந்தது. அப்படி ஒரு விலையைத் தெரு பார்த்ததில்லை. மூட்டைக்கார அண்ணன் துண்டை அவிழ்க்காததோடு இல்லாமல் அதில் ஒரு ரோஜாப்பூ வேறு செருகிக்கொண்டு வந்தார். இன்றைக்கா என்று கேட்க மகளை என்னிடம் அனுப்பியிருந்தாள். இன்றைக்குத்தான் என்றேன். பங்காளிகள் யாரும் குறுக்கே வராதபடி கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பூ வைத்து, சோறு போட்ட பிறகு கேட்கச் சொன்னேன். அம்மா தொடுத்து வைத்திருந்த மல்லிகையில் இரண்டு முழம் கிள்ளிக் கொடுத்தேன். பூவைக் கொடுத்துவிட்டு வந்த மகளை எங்கள் வீட்டிலேயே உட்கார்த்தி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன்.

விளக்கு வைக்கிற நேரம். இரும்பு தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. யாரோ ஜீப்பு வேலை பார்க்கிறார்கள் போல என்றாள் அம்மா. மகள் பேனாவை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். எழுதுகிறபோது பராக்குப் பார்க்காதே என்று தகட்டுப் பக்கத்தைத் திருப்பி அவள் முட்டியில் ஒன்று போட்டேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாவது சத்தத்தில் எழுந்து ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் கதவில் கை வைக்கவில்லை. இன்றைக்கு மேலதானே டீச்சர் என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். உள்ளே அலறல் கேட்கிறது, இவள் விலை கேட்கிறாள். மகள் கதவில் தலையால் முட்டிக்கொண்டிருந்தாள். தாழ் போட்டிருந்தது. நான்தானே போடச் சொன்னேன். மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர்கள் தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தார்கள்.

அவர் காய் மூட்டை மேல் உட்கார்ந்து செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஜீப்பை ஸ்டார்ட் செய்யச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி கிடந்தது. அவள் சுவரோரம் சாய்ந்திருந்தாள். வலது கை, முழங்கைக்குக் கீழே மடங்கக் கூடாத இடத்தில் மடங்கித் தொங்கியது. எலும்பு முனை வெளியே தெரிந்தது. நான் கொடுத்த மல்லிகை ரத்தத்தில் ஊறித் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேக்கக் கூடாததக் கேட்டா இப்பிடித்தான் டீச்சரம்மா என்று அவர் நிதானமாகச் சொன்னார். மூச்சுகூட வாங்கவில்லை அந்த மனுசனுக்கு.

பெரியாஸ்பத்திரிக்கு அவரும் கூடவே வந்தார். பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவள், உள்ளே கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருவில் டம்ளரோடு உள்ளே போவோம், வெளி ஆளிடம் சொல்ல மாட்டோம். அப்படியே ஊறிப்போன புத்தி. அப்போது மகள் பேசினாள், இங்கிலீஷில், ஒரு தப்பில்லாமல். அப்பா ஜீப்புக் கைப்பிடியால் அம்மா கையை உடைத்தார், கதவு தாழ் போட்டிருந்தது, யாரும் உள்ளே வரவில்லை. மூன்றே வாக்கியம். அவளை அடித்து அடித்து நான் ஏற்றிய இங்கிலீஷ். டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டு போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வார்டில் அவள் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், தலையணையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவள் மகளைப் பார்த்தாள். மகள் துணிப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து என் முன் விரித்தாள்.

பக்கத்தில் கோடு போட்டு மூன்று பத்தி. முதல் பத்தியின் தலையில் மேலே பார்த்த அம்பு, இரண்டாவதில் கீழே பார்த்த அம்பு. இரண்டிலும் நான் கையெழுத்துப் பயிற்சி என்று நினைத்த அதே எழுத்து வரிசையாக. அது அவர்கள் எண்ணுகிற முறை என்று மகள் விளக்கினாள். மூட்டை எண்ணுகிறபோது நாம் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது போல, அவர்கள் ஒவ்வொரு கோடாகப் போட்டு ஐந்தாவது கோட்டில் ஒரு எழுத்தை முடிப்பார்கள். ஒரு கோடு என்றால் அடி விழுந்த ஒரு நாள். நான் பாடம் நடத்திய வாரத்திலிருந்து குறித்திருந்தாள். கீழே போன நாளில் பதினெட்டு. மேலே போன நாளில் பத்தொன்பது, முந்தின நாளையும் சேர்த்து. அதற்கான கோட்டை இடது கையால் போட்டிருந்தாள், கோணலாக.

மூன்றாவது பத்தியை நான் பார்ப்பதற்குள் அவள் நல்ல கையால் மூடிக்கொண்டாள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. இது தெரிந்துமா என் பேச்சைக் கேட்டாய் என்றேன். தெருவே ஒன்று சொல்கிறது, டீச்சரும் அதையே சொல்கிறாள், அதனால் தன் கோடுகளில்தான் தப்பு இருக்கும் என்று நினைத்தாளாம். பிறகு என் பக்கம் வலது காதைத் திருப்பி, கேள்வி கேட்டால் பதில் சொல்கிற மாணவியாகவே சொன்னாள்.

"வெல ஃப்ளக்சுவேட், டீச்சர். கை நோ ஃப்ளக்சுவேட்."

அந்த வார்த்தைக்கு அதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் பொருள் சொன்னதில்லை. 

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் காய் தெரிந்தவர்தான், மச்சான் ஒருத்தருக்கு மலையில் தோட்டம். வராந்தாவில் வைத்து அவள் புருஷனை விசாரித்தார். எடுத்த எடுப்பில் அவர் கேட்ட கேள்வி இது: "நேத்து வெல நல்லாத்தானய்யா போச்சு. அப்புறம் எதுக்கு அடிச்ச?"

  எனக்குள் இருந்த கோபம் அப்போதுதான் போக வேண்டிய இடத்துக்குப் போனது. அப்ப கீழ போயிருந்தா அடிச்சிருக்கலாமா சார் என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். நேற்று நான் கண்டதை, கேட்டதை, இரும்பின் சத்தம் உட்பட, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன்.  இன்ஸ்பெக்டர் புருஷனைத் தனியாகக் கூட்டிப்போய், கேஸா பாஸ்போர்ட்டா என்று பேரம் பேசினார். ஜெயிலில் இருக்க வேண்டிய ஆள் அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்ததோடு தப்பித்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அவள் கேட்டது அதைத்தான், பாஸ்போர்ட் போதும் என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பதினெட்டையும் பத்தொன்பதையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஒங்கப்பா நல்ல வெலைக்கு முடிச்சுக் குடுத்துட்டு வந்த அன்னைக்குத்தான் ஆத்தா இந்தப் பல்லு போச்சு."

அப்புறம் ஏன் காலமெல்லாம் பொய் சொன்னாய் என்று கத்தினேன். விலையால் அடிக்கிறான் என்றால் நாளைக்கு ஏறும் என்று இருந்துவிடலாம், இல்லையென்றால் எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று கேட்டாள்.  ஆனால் அதற்குப் பிறகு துண்டைப் பார்க்க அவள் வாசலுக்குப் போகவில்லை.

பங்குனியில் அவர்கள் மதுரை பஸ்சில் ஏறினார்கள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மகள் இறங்கி வந்து எனக்குக் கை கொடுத்தாள். விரல் முட்டிகளில் நாலு இடத்தில் தோல் தடித்திருந்தது என் கைக்குத் தெரிந்தது. நன்றாகப் படி என்றேன். 

ஆவணியில் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. மகள் எழுதியிருந்தாள். அம்மா தன் அம்மாவைப் பார்த்துவிட்டாள், பதினோரு நாள் கூட இருந்தாள். கை கோணலாகத்தான் சேர்ந்தது. சாப்பிடுகிற குச்சியை இடது கையில் பிடிக்கப் பழகிவிட்டாள். இதெல்லாம் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில், அம்மா இதை உங்களிடம் சேர்க்கச் சொன்னாள், அங்கே இருந்தவரை உங்களிடம் கொடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது என்று எழுதி, ஒரு தாளை மடித்து வைத்திருந்தாள்.

அந்தச் சின்ன நோட்டிலிருந்து கிழித்த பக்கத்தில் மூன்றாவது பத்தி மட்டும் இருந்தது. தலையில் அம்பு இல்லை. ஒரு ஸ்கேலின் படம், ஓரத்தில் தகட்டோடு. அதற்குக் கீழே அதே எழுத்து, ஆறு முழுசாக, பிறகு இரண்டு கோடு. மகள் கையில் விழுந்த அடிகள். கடைசிக் கோடு கோணல், இடது கையால் போட்டது. அது எந்த அடி என்று எனக்குத் தெரியும்.

பயமாக இருந்தது என்ற அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஜீப்புக் கைப்பிடிக்காரனிடம் மூன்று தடவை போய்ப் பாஸ்போர்ட் கேட்டவளுக்கு, என்னிடம் ஒரு தாளைக் கொடுக்கப் பயம். தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஸ்கேலை வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். நல்ல கதையாக இருந்தால் இதோடு முடிந்திருக்கும். நான்காம் நாள், ஏழாம் வகுப்பில், ஒரு பெண் ஒரே வார்த்தையை மூன்று தடவை தப்பாகச் சொன்னாள். கன்னத்தில் விட்டேன். ஸ்கேல்தான் வீட்டில் இருந்தது, கை என்னோடுதானே வந்திருந்தது. அன்று சாயங்காலம் அந்தத் தாளை எடுத்து, அவள் விட்ட இடத்தில் ஏழாவது எழுத்தின் மூன்றாவது கோட்டைப் போட்டேன். அன்றைக்குக் காய் விலை மேலேயா கீழேயா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனை என்று எண்ணிச் சொல்ல மாட்டேன். தாளின் பின்பக்கமும் நிறைந்தது. எண்பதுகளில் ஒரு மாதம் முழுக்கக் கோடு விழாமல் போனது, அடுத்த மாதம் விழுந்தது. கடைசி எழுத்து மூன்று கோட்டில் நிற்கிறது. இன்னும் இரண்டு கோடு போட இடம் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.